புழக்கடை வாத்து முட்டை: எடுப்பதும் தேர்வதும்

கெடிலம் ஆறு கடலில் கலக்கும் தேவனாம்பட்டினம் தொடங்கித் தெற்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வரை விரிந்துள்ள நிலப்பரப்பு, ஆற்று முகத்துவாரங்களும் வாய்க்கால்களும் வீராணம் ஏரி நீர் பாயும் நெல்வயல்களும் நிறைந்தது. ஆகவே வாத்து வளர்ப்புக்கு இயல்பாகவே ஏற்றது. அறுவடை முடிந்த வயல்களில் உதிர்நெல்லையும் நத்தையையும் மேய்ந்தபடி ஊர் ஊராக நகரும் பெருங்கூட்டங்கள் தமிழ்நாட்டு நெல்வட்டாரங்களுக்குப் பழகிய காட்சி என்றாலும், வீட்டுப் புழக்கடையில் நாலைந்து வாத்துகளை வைத்துக்கொள்ளும் சிறு வளர்ப்பே இங்குக் கருதப்படுகிறது. முட்டையை எப்போது, எவ்வாறு எடுப்பது என்பது முழுவதும் வீட்டாரின் கையில் இருப்பது இவ்வகை வளர்ப்பில்தான்.

ஆரணி, சன்னியாசி, கீரி எனப்படும் நாட்டு வாத்துகளாயினும், இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டு ஆண்டுக்கு 300 முட்டைகள் வரை இடக்கூடிய காக்கி கேம்பல் இனமாயினும், பெரும்பாலான முட்டைகள் விடியலுக்கு முன்பிருந்து காலை ஒன்பது மணிக்குள் இடப்பட்டுவிடுகின்றன. கோழியைப் போல ஒரே கூட்டைத் தேடிச் செல்லும் பழக்கம் வாத்துக்கு அவ்வளவாக இல்லாததால், அதிகாலையிலேயே திறந்துவிட்டால் அது வரப்பிலும் சேற்றிலும் சில வேளைகளில் தண்ணீருக்குள்ளும் முட்டையிட்டுவிடும். ஒன்பது மணி வரை கொட்டிலிலேயே அடைத்துவைத்து, தரையில் உலர்ந்த வைக்கோலையோ உமியையோ பரப்பி, முட்டைகளை விடிந்ததும் ஒரு முறையும் வாத்துகளை வெளியே விடும்போது மறுமுறையும் எடுப்பதே சரியான முறை.

இந்த முதல் சில மணி நேரம் ஏன் முக்கியம் என்பதை ஓட்டின் அமைப்பு விளக்குகிறது. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. அவற்றின் மேல் 'புறத்தோல்' எனப்படும் மெல்லிய பூச்சு ஒன்று இயற்கையாகவே படிந்து காக்கிறது. தாயின் உடல் வெப்பத்தில், அதாவது ஏறத்தாழ 41 டிகிரி செல்சியசில் வெளிவரும் முட்டை ஆறும்போது உள்ளிருப்பவை சுருங்க, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று துளைகள் வழியே உள்ளே இழுக்கப்பட்டு, அகன்ற முனையில் 'காற்றறை' உருவாகிறது. அவ்வேளையில் ஓடு ஈரமான எச்சத்தில் கிடந்தால் காற்றோடு கிருமிகளும் உட்புகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டில் நனையும் கடலூர் வட்டாரத்தில் படுக்கையை அடிக்கடி மாற்றுவது இதனால்தான் கட்டாயமாகிறது. குளிர்ந்த நீரில் கழுவுவதும் இதே சுருக்கத்தை உண்டாக்குவதோடு புறத்தோலையும் நீக்கிவிடும். ஆகவே லேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடைப்பதே போதும், மிகவும் அழுக்கானதை முட்டையைவிடச் சற்றுச் சூடான நீரில் கழுவி அன்றே சமைத்துவிட வேண்டும். ஆண் வாத்து உடனிருந்தால் முட்டை கருவுற்றிருக்கக்கூடும். சித்திரை, வைகாசி வெயிலில் வெளியே கிடக்கும் அத்தகைய முட்டையில் அடைகாக்காமலேயே கரு வளரத் தொடங்கிவிடும்.

நாளாக ஆக நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிக் காற்றறை பெரிதாவதே மிதவைச் சோதனையின் அடிப்படை. புதிய முட்டை பாத்திரத்தின் அடியில் கிடையாகப் படியும். சில நாள்களானது அகன்ற முனையைச் சற்று உயர்த்தும். இன்னும் பழையது செங்குத்தாக நிற்கும். மிதப்பதை விலக்கிவிடுவது நல்லது. உப்பு நீரின் அடர்த்தி நல்ல நீரினும் மிகுதி என்பதால், கடலோரத்து உவர் கிணற்று நீரில் இச்சோதனையைச் செய்தால் பழுதில்லாத முட்டையும் பழையதாகத் தோன்றக்கூடும். தேவனாம்பட்டினம் போன்ற ஊர்களில் இதற்குக் குடிநீரையே பயன்படுத்த வேண்டும்.

இருட்டறையில் விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பார்க்கும் ஒளிச்சோதனையில் காற்றறையின் அளவும், கருவுற்று வளர்ந்ததாயின் சிவந்த நரம்புக் கோடுகளும் புலப்படும். உடைத்துத் தட்டில் ஊற்றினால், புதியதன் மஞ்சள்கரு உயர்ந்தும் அதைச் சூழ்ந்த வெள்ளைக்கரு கெட்டியாகத் திரண்டும் நிற்கும். கரியமில வாயு வெளியேறி வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடக் கூட அத்திரட்சி நீர்த்துப் பரவும். இத்திரட்சியின் உயரத்தை முட்டையின் எடையோடு பொருத்தித் தரத்தைக் கணிக்க ரேமண்ட் ஹாஃப் 1937இல் வகுத்த அளவை இன்றும் முட்டை ஆய்வகங்களில் வழங்குகிறது.

எனினும் இச்சோதனைகள் யாவும் முட்டையின் வயதைச் சொல்லுமேயன்றி அதன் தூய்மையைச் சொல்லா. சால்மோனெல்லா என்னும் குடல்நோய்க் கிருமி புகுந்த முட்டை, நிறமும் மணமும் மாறாமல் நீரின் அடியில் ஒழுங்காகவே படியும். 2010இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வாத்து முட்டை வழியே இந்நோய் பரவியது. எனவே எடுத்த அன்றே ஓட்டில் பென்சிலால் தேதியைக் குறித்து வைப்பதும், வாத்து முட்டையை அரைவேக்காடாக உண்ணாமல் வெள்ளைக்கருவும் மஞ்சள்கருவும் முற்றிலும் இறுகும்வரை வேகவைப்பதும் அவசியம். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் முதியோரும் உள்ள வீடுகளில் இதில் எவ்வித விலக்கும் கூடாது.