பழைய காரின் அடியில் ஓர் அட்டை

பத்து ஆண்டுகளைக் கடந்த காரை வாங்கக் கடன் கோருமுன், அதன் அடியில் ஓர் இரவு வெள்ளை அட்டையை விரித்து வைக்குமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தெளிந்த நீர் ஏசியிலிருந்து வடிந்தது, கவலை வேண்டா. கரும்பழுப்புப் பிசுபிசுப்பு என்ஜின் ஆயில். பச்சையோ இளஞ்சிவப்போ பெரும்பாலும் கூலன்ட்.

ஆனால் நாம் மிகவும் அஞ்ச வேண்டியது அட்டையில் கறையே படாத கசிவுக்குத்தான். கூலன்ட் அளவு தொடர்ந்து குறைய, ஆயில் மூடியின் உட்புறம் பாலேடு போன்ற படிவும், என்ஜின் சூடேறிய பின்னும் சைலன்சரில் அடர்ந்த வெண்புகையும் தென்பட்டால், ஹெட் கேஸ்கெட் பழுதுபட்டிருக்கலாம். அந்நிலையில் வண்டியை ஓட்டலாகாது. வெப்பத்தால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டால் செலவு பன்மடங்காகும். தேய்மானத்தால் நேரும் இத்தகைய கோளாறுகளுக்கு வழக்கமான மோட்டார் காப்பீட்டில் இழப்பீடு கிடையாது.