சத்தம் கேட்கிறது, சொல்தான் பிடிபடவில்லை

மேனாம்பேடு டீக்கடையில், தொழிற்பேட்டை பிரஸ் ஷாப்பில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர்களிடம் பேசிப் பாருங்கள். "காது நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் வாய்க்குள்ளயே பேசுறீங்க" என்பார்கள். அது சாக்கு அல்ல. அவர்களுக்குச் சத்தம் கேட்கிறது, சொல்தான் பிடிபடுவதில்லை.

காரணம் உள்காதில் இருக்கிறது. ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள். ஒலியின் அதிர்வை நரம்புக்கு மின்குறிப்பாக மாற்றித் தருபவை இவைதாம். ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. வயதும் இரைச்சலும் முதலில் அழிப்பது கீச்சொலிகளை வாங்கும் செல்களை. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமானவை, தப்பிவிடும். ச, த, ப போன்றவை சன்னமானவை, நழுவிவிடும். சொன்னது சட்டையா, தட்டையா, பட்டையா என்று தெரியாது. அதனால் கத்திப் பயனில்லை. முகத்துக்கு நேரே நின்று, நிதானமாகப் பேசுங்கள்.

85 டெசிபலைத் தாண்டிய இரைச்சலில் நாள் முழுக்க வேலை செய்தால், முதுமை செய்வதை இரைச்சல் முன்கூட்டியே செய்துவிடும். கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடமே குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடம் காதுக்கு ஆகாது. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருந்தது. ஷிஃப்டில் இருப்பவர்கள் காதடைப்பானைச் சட்டைப்பையில் அல்ல, காதில் வைக்க வேண்டும்.

சரியாகக் கேட்காதவர் மெல்லப் பேச்சைக் குறைப்பார், பிறகு கல்யாண வீட்டைத் தவிர்ப்பார். மறதிநோய்க்கு இட்டுச்செல்லும், தவிர்க்கக்கூடிய 14 காரணிகளில் காது கேளாமையும் ஒன்று என்று 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் குழு சொன்னது. காது மெஷின் எல்லோருக்கும் மறதியைத் தடுக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 2023-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், மறதிக்கான ஆபத்து அதிகமுள்ள முதியவர்களுக்கு அது பலன் தந்தது.

ஐம்பதைத் தாண்டியதும் ஒருமுறை ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை எடுங்கள். கேட்காததற்குக் காரணம் சில சமயம் வெறும் குறும்பியாகவே இருக்கும். அதை டாக்டர் எடுக்கட்டும். ஹேர்பின், பட்ஸ், கொதிக்கவைத்த எண்ணெய் எதுவும் வேண்டாம். ஓரிரு நாளில் திடீரென ஒரு காது அடைத்துப்போனால் அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். சிகிச்சை தாமதமானால் கேட்கும் திறன் மீளாமலே போகலாம். மெஷின் வாங்கினால் முதல் வாரத்திலேயே பெட்டியில் போடாதீர்கள். மறந்த ஒலிகளை மூளை மறுபடி பழகச் சில வாரங்கள் ஆகும்.

ஐந்து ஆண்டுகளாவது இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து வயது வரம்பால் ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் மருத்துவ வசதி தொடரும். அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. இந்த மாதமே அப்பாவை அழைத்துப் போங்கள்.