வீடு திரும்பிய குப்பை

2012-ல் ஆலப்புழையின் குப்பை லாரிகள் நடுவழியில் நின்றன. பல ஆண்டுகளாக நகரத்தின் கழிவைச் சுமந்த சர்வோதயபுரம் கிராமத்தினர், நாற்றத்தைச் சகித்தது போதும் என்று வழிமறித்தார்கள். சீக்கிரமே நகரத் தெருக்களிலும் கால்வாய் ஓரங்களிலும் குப்பை குவிந்தது. சுற்றுலாப் பயணிகள் தேடி வரும் கேரளத்துக் கால்வாய் நகரம் மூக்கைப் பிடித்துக்கொண்டது.

வேறு இடம் பார்ப்பதுதான் வழக்கமான வைத்தியம். ஆனால் எந்தக் கிராமம் சம்மதிக்கும்? அவரவர் குப்பை அவரவர் வீட்டிலேயே மட்கட்டும் என்ற முடிவுக்கு வந்தது நகராட்சி. அதே ஆண்டு தொடங்கிய ‘நிர்மல பவனம், நிர்மல நகரம்’ திட்டத்தை முன்னின்று நடத்தியவர், அப்போது தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்த முன்னாள் நிதியமைச்சர் தாமஸ் ஐசக். மானிய விலையில் வீடுகளுக்கு பயோ-காஸ் கலன்களும் உரக் குழாய்களும் வந்தன. வீட்டில் இடமில்லாதவர்களுக்குப் பொது உரத்தொட்டிகள்.

தொட்டியின் சூத்திரம் திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்மூழியில் உருவானது. நீளம், அகலம், உயரம் மூன்றும் நாலடி. காற்றுப் புக இடைவெளி விட்ட பக்கங்கள். அடியில் பசுஞ்சாணம், மேலே சருகு, அதன்மேல் சமையலறைக் கழிவு. இப்படியே அடுக்கிக்கொண்டு போனால் சுமார் மூன்று மாதத்தில் உரம் தயார்.

நாற்றம் வராதா? சருகு குறைந்தால் வரும். சோறு, மீன் கழிவு, காய்கறித் தோலில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம். அவை மட்டும் குவிந்தால் காற்றில்லாமல் அழுகும். மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் வேண்டும். சருகு அதைத் தருவதோடு ஈரத்தையும் உறிஞ்சுகிறது.

சருகு கிடைக்காத மாடிவீட்டில் அதே வேலையைக் காகிதமும் அட்டைப்பெட்டியும் செய்யும். கிழித்துக் கசக்கிப் போடவேண்டும். தாளாக அடுக்கினால் ஈரத்தில் ஒட்டிக் காற்றை அடைத்துவிடும். அட்டையில் ஒட்டிய டேப்பை உரித்துவிட வேண்டும். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகளும் பளபளப்பான பத்திரிகை அட்டைகளும் கூடாது. சுத்தமான காகிதத்துக்குப் பழைய பேப்பர்காரர் காசு தருவார். அவர் வேண்டாமென்று ஒதுக்கும் நைந்த அட்டையும் கறை படிந்த பொட்டலத் தாளும்தான் தொட்டிக்குத் தோது.

குப்பையைக் கையாள்வதில் முன்மாதிரி என்று 2017-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு காட்டிய ஐந்து நகரங்களில் ஆலப்புழையும் ஒன்று. பாராட்டு நகரத்துக்குப் போனது. அதைத் தொடங்கி வைத்தது என்னவோ, லாரியை மறித்த கிராமம்தான்.