துயில் மூச்சடைப்பும் துடிப்புப் பிறழ்வும்

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும்போது நாவின் அடிப்பகுதி பின்சரிந்து மூச்சுவழியை அடைத்துவிடுவது உண்டு. அதுவரை முழங்கிய குறட்டை அறுபடுகிறது. மார்பும் வயிறும் எழுந்து தாழ்கின்றன. காற்று மட்டும் உட்செல்வதில்லை. இவ்வாறு 10 நொடிக்குக் குறையாமல் நின்றால்தான் மருத்துவம் அதை மூச்சடைப்பு எனக் கணக்கில் கொள்ளும். சிலருக்கு அது ஒரு நிமிடத்தையும் தாண்டும். பின்னர் மூளை அரைகுறையாக விழித்துத் தசைகளை இறுக்க, மூச்சு சீறிக்கொண்டு மீள்கிறது. உறங்கியவர் எதையும் அறியார். நோய் முற்றியவருக்கு மூச்சு நிற்பதும் குன்றுவதுமாக மணிக்கு 30 தடவைக்கு மேல் நிகழும். ஏழு மணி நேரத் துயிலில் அது இருநூறைக் கடந்துவிடும்.

ஒவ்வொரு தடவையும் இதயம் அடிவாங்குகிறது. மூடிய வழியை எதிர்த்து மூச்சிழுக்கையில் மார்புக்கூட்டினுள் அழுத்தம் கடுமையாகத் தாழ, மெல்லிய சுவர் கொண்ட மேலறைகள் விரிகின்றன. குருதியில் உயிர்வளி குறைகிறது. வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கிறது. அதே வேளையில் மேலறைத் தசை ஒரு தூண்டலுக்குப்பின் அடுத்ததை ஏற்கும்முன் கொள்ளும் ஓய்வுக்காலமும் சுருங்குகிறது. மூச்சு மீண்டதும் பரிவு நரம்புகள் பொங்கியெழ, துடிப்பும் குருதியழுத்தமும் பாய்ந்து ஏறுகின்றன. ஓய்வு சுருங்கிய தசையில் மின்னலைகள் சுழன்று திரிய வழி பிறக்கிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல மேலறை பெருத்து, தசையிழைகளிடையே நார்த்திசு படர்கிறது. மேலறைகள் ஒருங்கே சுருங்காமல் துடிதுடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் குறுநடுக்கம் இத்தகைய தசையில்தான் எளிதில் வேரூன்றுகிறது. அந்நடுக்கத்தால் தேங்கிய குருதி உறைந்து மூளைக்குச் செல்லுமாயின் பக்கவாதம்.

மூச்சடைப்புக்கும் துடிப்புப் பிறழ்வுக்கும் உள்ள உறவு புதிய செய்தியன்று. 1983-இல் ஸ்டான்ஃபோர்டின் கில்லெமினோ குழுவினர் மூச்சடைப்பு உடைய 400 பேரை ஆராய்ந்து, ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரவில் துடிப்பு பிறழ்வதைப் பதிவு செய்தனர். 2003-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வொன்று, மின்னதிர்ச்சியால் துடிப்பு சீராக்கப்பட்ட குறுநடுக்க நோயாளரை ஓராண்டு கண்காணித்தது. மூச்சடைப்புக்கு மருத்துவம் பெறாதோரில் 82 விழுக்காட்டினருக்கும் பெற்றோரில் 42 விழுக்காட்டினருக்கும் நடுக்கம் திரும்பியது.

ஆயினும், இந்நோயாளருள் மூச்சடைப்பு உடையோரை எவ்வாறு கண்டறிவது? பகலில் தூக்கம் வருகிறதா என்று கேட்பதே நெடுநாள் வழக்கம். மெல்பர்னின் மர்ரே ஜான்ஸ் 1991-இல் வகுத்த எப்வொர்த் அளவுகோல் எட்டுச் சூழல்களைச் சொல்லி, கண்ணயரும் வாய்ப்பை மதிப்பிடக் கேட்கிறது. குறுநடுக்க நோயாளரிடம் இக்கேள்வி பெரிதும் தோற்கிறது. கடும் மூச்சடைப்பு இருந்தும் அவர்களிற் பலருக்குப் பகலுறக்கம் இல்லை. சோர்வு இருந்தாலும் அதை இதயத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். மூச்சடைப்பின் ஆபத்தை மதிப்பிடும் ஸ்டாப்-பேங் வினாத்தாளின் குறை வேறு வகைப்பட்டது. 50-ஐக் கடந்த அகவை, ஆண்பால், இரத்தக்கொதிப்பு ஆகிய மூன்றுமே மூன்று மதிப்பெண்ணைத் தந்து ஒருவரை இடைநிலை ஆபத்தில் சேர்த்துவிடும். துடிப்புப் பிறழ்வுக்கான மருத்துவப் பிரிவில் காத்திருக்கும் ஆடவர்களில் இம்மூன்றும் இல்லாதவர் எத்தனை பேர்? எல்லோரையும் பிடிக்கும் வலை எவரையும் பிரித்தறியாது. அறிகுறி வினாக்களை மட்டும் நம்பக் கூடாதென 2024-இன் ஐரோப்பிய இதயவியல் நெறிமுறை வெளிப்படையாகவே கூறியிருக்கிறது.

எனவே இரவையே அளக்கவேண்டும். இன்று அதை வீட்டிலேயே செய்யலாம்: மூக்கில் காற்றோட்டம் அறியும் குழாய், மார்பில் பட்டை, விரல்நுனியில் உயிர்வளி அளக்கும் கவ்வி. மறுநாள் காலை பதிவை விரித்தால், காற்றோட்டக் கோடு தட்டையாகி, மார்புக் கோடு மட்டும் அலைந்துகொண்டிருக்கும் இடங்கள் தெரியும். குருதி விரலை எட்டும் நேரம் கழித்து உயிர்வளிக் கோடு சரியும். அந்த மார்புப் பட்டையைச் சிறிதென எண்ணலாகாது. இதயம் தளர்ந்தோர் சிலருக்கு வழி திறந்தே இருக்க, மூச்சிழுக்கும் ஆணை மூளையிலிருந்தே வராது நிற்கும்; அப்போது மார்புக் கோடும் தட்டையாகும். இவ்வகையினருள் இதயத்தின் உந்துதிறன் குன்றியோருக்கு மூச்சுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் காற்றழுத்தக் கருவியைப் பொருத்திய ஆய்வில், இதய நோய் இறப்புகள் கூடின. அம்முடிவு 2015-இல் வெளியானது. மூச்சு நிற்பதன் வகையறியாமல் கருவி மாட்டுவது தீங்காகலாம். ஓர் இரவின் நல்ல முடிவும் இறுதியானதன்று. மூச்சடைப்பு இரவுக்கு இரவு மாறும்.

கண்டறிந்தபின், மூச்சுவழி மூடாதபடி காற்றை அழுத்தித் தரும் முகமூடி நடுக்கத்தைத் தடுக்குமா? மேயோ ஆய்வின் பெரும் வேறுபாட்டை அப்படியே நம்பலாகாது. அங்கே மருத்துவமாகத் தரப்பட்ட இம்முகமூடியை விடாது அணிவோர் மற்ற மருத்துவத்தையும் ஒழுங்காகப் பின்பற்றுவோராக இருக்கக்கூடும். 2021-இல் வெளிவந்த நார்வே ஆய்வு, விட்டுவிட்டு வரும் குறுநடுக்கம் உடையோரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஐந்து மாத முகமூடிச் சிகிச்சை நடுக்கத்தின் அளவைக் குறைக்கவில்லை. இதை மறைத்து நோயாளிக்கு நம்பிக்கை ஊட்டுவது தவறு. ஆயினும் சோதனை வேண்டுமென்பதே என் துணிபு. பகலுறக்கம் உடையோருக்கு முகமூடி தெளிவான பயன் தருகிறது. குருதியழுத்தத்தையும் ஓரளவு தணிக்கிறது. மயக்கமருந்து கொடுத்து இதயத் தசையைச் சுட்டுச் சீராக்கும் சிகிச்சைக்குமுன் மூச்சுவழியின் நிலையை அறிவது உயிர்காப்பும் ஆகும். உடல் எடையோ இரு நோய்களுக்கும் பொதுவான வேர். 2015-இல் அடிலெய்டு ஆய்வில், எடையில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் குறைத்தோர் நடுக்கமின்றி வாழும் வாய்ப்பு ஆறு மடங்கு உயர்ந்தது. எடை குறைந்தவர் இரவுச் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்துகொண்டால், முகமூடி இன்னும் வேண்டுமா என்பதும் விளங்கிவிடும்.