நடராஜன் ஆகாத நடராஜன்கள்

வேகமாக எறியத் தெரிந்தால் போதும், பேஸ்பால் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லி 2008-இல் இந்தியாவில் ஒரு போட்டி நடத்தினார்கள். முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து எறிந்து பார்த்தார்கள். உத்தரப் பிரதேசத்து லாரி ஓட்டுநர் ஒருவரின் மகனான ரிங்கு சிங், மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து ஒரு லட்சம் டாலர் பரிசை வென்றார். அவரையும் இன்னொரு போட்டியாளரான தினேஷ் படேலையும் அந்த ஆண்டு இறுதியிலேயே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. இருவருமே ஈட்டி எறிந்து பழகியவர்கள். 2014-இல் டிஸ்னி இந்தக் கதையைப் படமாக்கியது, இசை ஏ.ஆர்.ரஹ்மான். ஒப்பந்தம் கிடைத்ததோடு படம் முடிந்துவிடுகிறது. ஆனால் பந்து எறிபவரின் தொழில் வாழ்க்கை அங்கேதான் தொடங்குகிறது. இருவரும் 2009-இல் மைனர் லீக்கின் அடிப்படியில் ஆடத் தொடங்கினார்கள். 2010-இல் தினேஷை அணி விடுவித்தது. ரிங்கு மேற்கு வர்ஜீனியா அணிவரை ஏறினார். பிறகு காயங்கள் அவரை முடக்கின. மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எறியாமல் 2018-இல் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

இதைத் தோல்விக் கதை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் மைனர் லீக்கில் இதுதான் சராசரி வாழ்க்கை. மேஜர் லீக்கின் ஒவ்வோர் அணிக்கும் கீழே பல படிகளில் வளர்ப்பு அணிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் சம்பளம், பயிற்சியாளர், மருத்துவர் என ஏற்பாடுகள் இருக்கும். இருந்தும் பெரும்பாலோர் உச்சியைத் தொடுவதில்லை. சம்பளமும் நெடுங்காலம் சொற்பமாகவே இருந்தது. சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டுமே பணம் கிடைத்தது. மற்ற மாதங்களில் வேறு வேலை தேட வேண்டியிருந்தது. வீரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2022-இல் 18.5 கோடி டாலர் தர நிர்வாகம் இணங்கியது. அதே ஆண்டு அவர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-இல் போட்ட ஒப்பந்தத்தில், உச்சிக்கு அடுத்த படியான டிரிபிள்-ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 டாலராக உயர்ந்தது. ஜெயிக்காதவனுக்கும் கூலி உண்டு என்பதை அந்த விளையாட்டு போராட்டத்துக்குப் பிறகே ஒப்புக்கொண்டது. ஒரு விளையாட்டின் நேர்மையை, மேலே போனவரை அது எப்படிக் கொண்டாடுகிறது என்பதை வைத்து எடைபோட முடியாது. பாதியில் நின்றவரை எந்த நிலையில் வீட்டுக்கு அனுப்புகிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த அளவுகோலை நம் பக்கம் திருப்புவோம். கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் பந்து வீசும் பையனுக்குக் கண்முன் நிற்கும் உதாரணம், சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி டி.நடராஜன். டென்னிஸ் பால் கிரிக்கெட்டில் வளர்ந்தவர். ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ் சென்னைக்கு அழைத்துப் போய் நான்காம் டிவிஷன் லீக்கில் ஆட வைத்தார். அங்கிருந்து ஏறி ஜாலி ரோவர்ஸ் அணிக்குப் போய், 2015-இல் ரஞ்சிக் கோப்பையில் ஆடினார். உடனே அவர் பந்துவீசும் முறை சந்தேகத்துக்கு உள்ளானது. சுனில் சுப்ரமணியம் போன்ற பயிற்சியாளர்கள் கூடவே நின்று அதைத் திருத்தினார்கள். 2016-இல் டி.என்.பி.எல்., 2017-இல் மூன்று கோடி ரூபாய்க்கு ஐ.பி.எல்., 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்காக முதல் ஆட்டம். இதில் திறமைக்கு எவ்வளவு பங்கோ, அழைத்துப் போக ஒருவரும் திருத்த ஒருவரும் இருந்ததற்கும் அவ்வளவு பங்கு உண்டு. 2015-இல் அந்தத் திருத்தம் நடக்காமல் போயிருந்தால், அதே கை, அதே யார்க்கர் இருந்தும் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது.

ஊத்தங்கரைப் பையனின் முதல் தடை பந்தின் எடையிலேயே இருக்கிறது. டென்னிஸ் பந்து சுமார் 58 கிராம்; கிரிக்கெட் தோல் பந்து 156 முதல் 163 கிராம். லேசான பந்தைக் கையை மடக்கி உதறி வீசினாலும் வேகம் வரும், விக்கெட்டும் விழும். ஊர்ப் போட்டியில் யாரும் முழங்கையைக் கவனிப்பதில்லை. அதே பழக்கத்தோடு தோல் பந்துக்கு மாறும்போது தோளும் முதுகும் திணறும், அம்பயரும் விடமாட்டார். அதைச் சரிசெய்யத் தகுந்த பயிற்சியும் தோல் பந்து ஆடுகளமும் வேண்டும். அடுத்த தடை தூரம். பெங்களூரு பக்கம்தான், ஆனால் தமிழ்நாட்டு அணிக்கான பாதை சென்னை லீக் வழியாகப் போகிறது. சென்னையில் அறை எடுத்துத் தங்கி, தினம் பயிற்சிக்குப் போய், வருமானமில்லாமல் இரண்டு மூன்று வருஷம் தாக்குப்பிடிக்க வேண்டும். போச்சம்பள்ளியிலோ ஓசூரிலோ சிப்காட் கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குப் போனால் மாதம் பிறந்ததும் சம்பளம் வரும். வீட்டார் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கிரிக்கெட்டில்தான் பணம் கொட்டுகிறதே என்று கேட்கலாம். கொட்டுகிறது, மேல்தட்டில். 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. ரஞ்சியில் ஆடும் புதியவருக்கும் நாளுக்கு 40,000 ரூபாய் உண்டு. அந்த அணிக்குள்ளேயே வராதவருக்கு இப்படி உறுதியான வருமானம் எதுவும் இல்லை. கிளப் தருவதுதான் கணக்கு. விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே என்றால், அது பதக்கமும் சான்றிதழும் கைக்கு வந்தவர்களுக்கானது. பாதி வழியில் இருப்பவருக்கு உதவாது. ஆசைப்பட்டு ஆடுகிறவனுக்கு ஏன் சம்பளம் என்பது கனமான எதிர்வாதம். அமெரிக்க நிர்வாகிகளும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள்: இது வேலையல்ல, பயிற்சிக் காலம். ஆனால் ஒரு நடராஜனைச் சலித்தெடுக்க நூறு பேர் வீச வேண்டியிருக்கிறது. அந்த நூறு பேரின் உழைப்பில்தான் தேர்வே நடக்கிறது என்றால், அதற்கான செலவில் ஒரு பங்கை விளையாட்டுதான் ஏற்க வேண்டும்.

இது நடக்காத காரியமல்ல. கம்பெனி அணிகள் வீரர்களுக்கு வேலை கொடுத்து ஆடவைத்த மரபு சென்னைக்குப் பழையது. ஓசூரில் டைட்டன், அசோக் லேலண்ட், டி.வி.எஸ். என்று பெரிய ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. மாநிலச் சங்கமும் இத்தகைய தொழிற்சாலைகளும் கைகோத்தால் மாவட்டத்திலேயே தோல் பந்து ஆடுகளம், வருஷம் முழுவதற்குமான உதவித்தொகை, காயத்துக்குச் சிகிச்சை, இருபத்தைந்து வயதில் விலக நேர்ந்தால் கையில் ஒரு தொழில் ஆகியவற்றை உறுதிசெய்யலாம். ஒளிபரப்பு உரிமையில் புரளும் தொகைக்கு முன்னால் இந்தச் செலவு தூசு. அடுத்த நடராஜன் எப்போது வருவார் என்று கிரிக்கெட் நிர்வாகிகளிடம் எல்லோரும் கேட்கிறார்கள். போன வருஷம் அணியில் இடம் கிடைக்காமல் ஊர் திரும்பிய பையன்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். பதில் சொல்ல அவர்களிடம் ஒரு பதிவேடாவது இருந்தால், மாற்றம் தொடங்கிவிட்டது என்று நம்பலாம்.