சீஸ்ஃபயர்னா போர் முடிஞ்சுதுன்னு அர்த்தமா?

மொபைலில் 'சீஸ்ஃபயர்' என்று நோட்டிஃபிகேஷன் வந்ததும், "அப்பாடா, சண்டை முடிஞ்சுது" என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் சுடுவதை நிறுத்துகிறார்கள், அவ்வளவுதான். 'ட்ரூஸ்' பெரும்பாலும் தற்காலிகமானது, பண்டிகைக்காகக்கூட அறிவிப்பார்கள். 'ஆர்மிஸ்டிஸ்' இரு தரப்பும் முறையாகக் கையெழுத்திடும் ஒப்பந்தம். தமிழ்ச் செய்திகளில் மூன்றுமே பெரும்பாலும் 'போர்நிறுத்தம்'தான், குழப்பமே அங்கேதான்.

கொரியப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 1953 ஜூலை 27-ல் பன்முன்ஜோமில் கையெழுத்தானது ஆர்மிஸ்டிஸ். ஐ.நா. படைத் தரப்பு, வடகொரியா, சீனத் தரப்பு கையெழுத்திட்டன. தென்கொரியா கையெழுத்தே போடவில்லை! போரைச் சட்டப்படி முடித்துவைப்பது 'பீஸ் ட்ரீட்டி', அதாவது அமைதி ஒப்பந்தம். 70 வருஷம் தாண்டியும் கொரியாவில் அது வரவில்லை.