கணினி நீர்க்குளிர்ப்பு

கணினி நீர்க்குளிர்ப்பு என்பது கணினியின் செயலி, வரைகலை அட்டை முதலிய பாகங்களில் தோன்றும் வெப்பத்தைக் குழாய்களில் சுழலும் நீரைக் கொண்டு அகற்றும் முறையாகும். விசிறியை மட்டும் கொண்டு குளிர்விப்பது காற்றுக்குளிர்ப்பு எனப்படும். நீர்க்குளிர்ப்பிலும் வெப்பம் முடிவில் அறைக் காற்றையே சென்று சேருகிறது. நீர் அதைச் சுமந்து செல்லும் ஊர்தி மட்டுமே. இதனை மறந்துவிடுபவர்களே இம்முறையிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கின்றனர்.

இன்று இது இரண்டு வடிவங்களில் காணப்படுகிறது. தொழிற்சாலையிலேயே நீர் நிரப்பி மூடப்பட்ட ஆயத்தத் தொகுப்பு ஒன்று. பயனரே பாகங்களைத் தேர்ந்தெடுத்து, தேவையெனில் கணினிப் பெட்டியை வெட்டி மாற்றி அமைத்துக்கொள்ளும் தனிச் சுற்று மற்றொன்று. இக்கட்டுரை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியதாகும். தமிழ்நாட்டில் பேச்சுவழக்கில் பெட்டி முழுவதையும் 'சி.பி.யு.' என்று அழைப்பதுண்டு. இங்கு பெட்டி என்பது பாகங்களைத் தாங்கும் உலோகக் கூட்டை மட்டுமே குறிக்கும்.

அடிப்படை

ஒரே கன அளவுள்ள நீரையும் காற்றையும் ஒரு பாகை செல்சியசு சூடாக்க வேண்டுமெனில், நீருக்கு ஏறக்குறைய 3,500 மடங்கு வெப்பம் தேவைப்படும். நீர்க்குளிர்ப்பின் வலிமை முழுவதும் இதில் அடங்கியுள்ளது. 400 வாட் வெப்பத்தை நிமிடத்திற்கு 4 லிட்டர் வீதம் ஓடும் நீர் ஏந்திச் சென்றால், அந்நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 1.4 பாகை மட்டுமே உயரும். அதே வெப்பத்தை மணிக்கு 100 கன மீட்டர் வீதம் வீசும் காற்று ஏந்தினால் அக்காற்று 12 பாகைக்கும் மேல் சூடாகும். எனவே, விரல் பருமனுள்ள ஒரு குழாய் பெரிய விசிறி ஒன்றின் வேலையைச் செய்துவிடுகிறது.

செயலியின் மீது பொருத்தப்படும் செப்புக் கட்டையின் உள்ளே மிக நுண்ணிய கால்வாய்கள் செதுக்கப்பட்டிருக்கும். நீர் அவற்றினூடே பாய்ந்து வெப்பத்தை ஏற்று, ரேடியேட்டருக்குச் சென்று, விசிறிகள் இழுக்கும் காற்றிடம் அதனைக் கொடுத்துவிட்டு, சிறுதொட்டி வழியாக மீண்டும் எக்கிக்கு வருகிறது. சுற்றில் எந்தப் பாகம் முதலில் வர வேண்டும் என்பது குறித்து நீண்ட விவாதங்கள் நடப்பதுண்டு. மேற்கண்ட 1.4 பாகைக் கணக்கைப் பார்த்தால் அவ்விவாதம் தேவையற்றது என்பது விளங்கும். ஒன்று மட்டும் கட்டாயமானது: தொட்டி எக்கிக்கு மேலே, அதற்கு முன்பாக அமைய வேண்டும். காற்றை உறிஞ்சி வறண்டு ஓடும் எக்கி விரைவில் பழுதாகும்.

நெய்வேலி ஓர் எடுத்துக்காட்டு

கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி நகரியத்தில் வாழும் மாணவருக்கு இத்தத்துவம் புதியதன்று. 1962 ஆம் ஆண்டில் சோவியத் ஒத்துழைப்புடன் இயங்கத் தொடங்கி, 600 மெகாவாட் திறனுக்கு வளர்ந்து, 2020 ஆம் ஆண்டில் மூடப்பட்ட முதலாம் அனல்மின் நிலையமும், பின்னர் எழுந்த ஏனைய நிலையங்களும் செய்தது இதே வேலைதான். பழுப்பு நிலக்கரியை எரித்துப் பெறும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாக மாறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி ஆவியொடுக்கியில் குளிர்நீருக்கு மாற்றப்பட்டு, குளிர்ப்புக் கோபுரங்கள் வழியாக வானத்திற்குச் செல்கிறது. ஆவியொடுக்கியைச் செப்புக் கட்டையாகவும் கோபுரத்தை ரேடியேட்டராகவும் எண்ணிக்கொண்டால் கணினிச் சுற்று முழுவதும் கண்முன் நிற்கும்.

ஒரு வேறுபாடு முக்கியமானது. கோபுரத்தில் நீரின் ஒரு பகுதி ஆவியாகிறது. அதனால் எஞ்சிய நீர் காற்றின் வெப்பநிலைக்கும் கீழே குளிர முடியும். கணினியின் மூடிய சுற்றில் அது இயலாது; அறை 38 பாகையில் இருந்தால் நீர் 38 பாகைக்குக் கீழே ஒருபோதும் இறங்காது. 2000களின் தொடக்கத்தில் ஆர்வலர் சிலர் நெகிழிக் குழாய்களைக் கொண்டு சிறு ஆவியாக்கக் கோபுரங்களை வீட்டிலேயே செய்து பார்த்தனர். 700 வாட் வெப்பத்தை இவ்வாறு அகற்ற மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். அறை ஈரமாகும், தொட்டியில் உப்பு சேரும். கடலுக்கு அருகிலுள்ள, ஏற்கெனவே புழுக்கம் மிகுந்த கடலூர் மாவட்டத்திற்கு இது பொருந்தாத வழியாகும்.

வரலாறு

நீரால் கணினியைக் குளிர்விப்பது ஆர்வலர்களின் கண்டுபிடிப்பன்று. பெருங்கணினிகளில் இது பல பத்தாண்டுகளாக வழக்கில் இருந்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1980 இல் அறிவித்த 3081 கணினியில் சில்லுத் தொகுதிகளின் மேல் நீரோடும் குளிர்தகடுகள் அமைந்திருந்தன. 1985 இல் வெளிவந்த கிரே-2 மீக்கணினியில் மின்கடத்தாத புளோரினெர்ட் என்னும் நீர்மத்தில் சுற்றுப்பலகைகளே மூழ்கியிருந்தன. குறைந்த வெப்பம் தரும் சில்லுகள் 1990களில் பரவியதும் நீர் ஒதுங்கியது. செயலிகள் மீண்டும் சூடேறியதும் திரும்பி வந்தது. 2008 இல் ஐ.பி.எம். தனது பவர் 575 கணினியில் நீரை மீண்டும் பயன்படுத்தியது.

தனியாள் கணினியில் இது மிகைவேக இயக்கத்துடன், அதாவது ஓவர்கிளாக்கிங்குடன் பிறந்தது. 1998 இல் வெளியான இன்டெல் செலரான் 300ஏ செயலியை 300 மெகாஹெர்ட்சிலிருந்து 450 மெகாஹெர்ட்சுக்கு உயர்த்துவது பரவலாயிற்று. அக்காலத்தில் கணினிக்கென நீர்ப்பாகங்கள் எளிதில் கிடைக்கவில்லை. மகிழுந்தின் சூடேற்றி ரேடியேட்டர், மீன்தொட்டி எக்கி, கடைசலில் செதுக்கிய செப்புக் கட்டை ஆகியவையே மூலப்பொருட்கள். 2004 இல் ஆப்பிள் நிறுவனம் தனது பவர் மேக் ஜி5 கணினியில் நீர்மக் குளிர்ப்பை அளித்தது. அவற்றுட் சில பின்னர் கசிந்து பாகங்களை அரித்தன. 2009 இல் வந்த கோர்சேர் எச்50 போன்ற மூடிய தொகுப்புகளே இம்முறையை வெகுமக்களிடம் கொண்டு சேர்த்தன.

பெட்டியை மாற்றியமைத்தல்

பெட்டியின் அளவை ரேடியேட்டரே தீர்மானிக்கிறது. 120 மி.மீ. விசிறி ஒன்றின் பரப்புள்ள ரேடியேட்டர், நீர் அறையைவிட 10 பாகை கூடுதலாக இருக்கும்போது ஏறக்குறைய 100 முதல் 150 வாட் வரை வெளியேற்றும் என்பது நடைமுறைக் கணக்கு. 2022 இல் வந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டை 450 வாட்டும், உயர்நிலைச் செயலி ஒன்று 250 வாட்டும் எடுத்துக்கொள்ளக் கூடியவை. மொத்தம் 700 வாட். இதற்கு ஆறு விசிறிப் பரப்பு, அதாவது மூன்று விசிறி நீளமுள்ள இரண்டு ரேடியேட்டர்கள் வேண்டும். பெரிய கோபுரப் பெட்டி தேவைப்படுவதற்கும், பழைய பெட்டியாயின் வெட்ட வேண்டியிருப்பதற்கும் இதுவே காரணம். 2000களின் பெட்டிகளில் பெரும்பாலானவை 80 மி.மீ. விசிறிக்கும் குறுவட்டு இயக்கிகளுக்கும் இடமளித்து வடிவமைக்கப்பட்டவை. அண்மைக்காலப் பெரிய பெட்டிகளில் ரேடியேட்டருக்கான துளைகள் முன்கூட்டியே உள்ளன. அவற்றை வாங்குபவருக்கு இரம்பம் தேவைப்படுவது அரிது.

வெட்டுமுன் ஆழத்தை அளக்க வேண்டும். பொதுவான ரேடியேட்டர் 30 மி.மீ. தடிப்பும் விசிறி 25 மி.மீ. தடிப்பும் உடையன. ஆகவே மேற்பலகைக்கும் தாய்ப்பலகையின் விளிம்புக்கும் இடையே குறைந்தது 55 மி.மீ. இடைவெளியும், அதற்கு மேல் செயலியின் மின்கம்பிச் செருகிக்கும் நினைவகத்திற்கும் இடமும் வேண்டும். பலரும் பரப்பை மட்டும் அளந்துவிட்டு இதனைத் தவற விடுகின்றனர். 120 மி.மீ. விசிறியின் திருகுத் துளைகள் 105 மி.மீ. இடைவெளியில் அமைந்தவை. ரேடியேட்டரையே தாளின் மீது வைத்து வரைந்து, அத்தாளைப் பலகையில் ஒட்டி, துளை மையங்களைக் குத்தூசியால் அடையாளமிடுவது பிழையற்ற வழியாகும்.

வெட்டும்போது பெட்டிக்குள் மின்னணுப் பாகம் எதுவும் இருக்கலாகாது. தாய்ப்பலகையின் கீழே சிக்கும் ஒரு சிறு இரும்புத் துருவல் போதும், குறுக்கு மின்சுற்று ஏற்பட. இயக்கித் தட்டுகளை நீக்க அவற்றின் ரிவெட்டுகளைத் துளைப்பியால் துளைத்து எடுக்கலாம். ஆனால் அத்தட்டுகள் பெட்டியின் விறைப்புக்கும் உதவுபவை. நீர் நிறைந்த பெட்டியின் எடை 20 கிலோகிராமைத் தாண்டக் கூடும் என்பதால், அகற்றிய இடத்தில் அலுமினியக் கோணச்சட்டம் ஒன்றைப் பொருத்துவது நல்லது. நேர்க்கோடுகளுக்கு நுண்பல் அலகுள்ள சிற்றிரம்பமும், வட்டத்திற்குத் துளை இரம்பமும் பொருத்தமானவை. கிரில் பட்டறையில் கொடுத்தால் அறுவை வட்டால் சில நிமிடங்களில் வெட்டித் தருவர். வேலை விரைவாக முடியும், ஆனால் தீப்பொறி வண்ணப்பூச்சைக் கருக்கிவிடும்.

பெட்டியின் எஃகுத் தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு. வெட்டிய விளிம்பில் அப்பூச்சு இராது. கடற்காற்று எட்டும் ஊர்களில் அவ்விளிம்பு ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். அரத்தால் தேய்த்து, அடிப்பூச்சிட்டு, வண்ணம் பூசி, இரப்பர் விளிம்புப் பட்டை செருக வேண்டும். குழாய் செல்லும் துளைகளிலும் இரப்பர் வளையம் கட்டாயம். அதிர்வில் உராயும் கூர்விளிம்பு மெல்ல மெல்லக் குழாயை அறுக்கும்.

நீரும் உலோகமும்

குழாய்நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ பயன்படுத்தலாகாது. அவற்றிலுள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் செப்புக் கட்டையின் நுண்கால்வாய்களை அடைத்துவிடும். இருபது லிட்டர் கேனில் வரும் குடிநீரிலும் உப்புகள் எஞ்சியிருக்கும். காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. நம் ஊர்களில் வண்டி மின்கலத்திற்காக விற்கப்படும் 'பேட்டரி தண்ணீர்' உப்பு நீக்கியது என்பதால் எளிதில் கிடைக்கும் மாற்றாக அமைகிறது. ஆனால் பெயரொற்றுமையால் மின்கல அமிலத்தை வாங்கிவிடாமல் கவனிக்க வேண்டும்.

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும் என்பது உண்மை. அதை நம்பிக் கசிவைப் பொருட்படுத்தாதிருப்பது தவறு. சுற்றில் ஓடத் தொடங்கிய நீர் உலோக அயனிகளை ஏற்றுக் கடத்தியாக மாறிவிடும். தாய்ப்பலகையின் மீதுள்ள தூசியும் அதற்குத் துணை செய்யும்.

செப்புக் கட்டையையும் அலுமினிய ரேடியேட்டரையும் ஒரே சுற்றில் இணைப்பதே புதியவர்கள் செய்யும் மிகக் கேடான பிழை. இரு வேறு உலோகங்களும் நீரும் சேர்ந்தால் அது ஒரு மின்கலமே. அலுமினியம் கரைந்து, முதலில் கட்டை அடைபடும். பின்னர் ரேடியேட்டர் துளைபடும். மலிவான ரேடியேட்டர்கள் பெரும்பாலும் அலுமினியத்தாலானவை என்பதால் வாங்கும்போதே கேட்டறிய வேண்டும். பாசி வளர்வதைத் தடுக்க உயிர்க்கொல்லிச் சேர்மத்தின் சில துளிகள் சேர்க்கப்படுகின்றன.

கசிவுச் சோதனை

பாகங்களின் விலை உயர உயர இப்படியின் இன்றியமையாமையும் உயர்கிறது. கைப்பம்பும் அழுத்தமானியும் கொண்டு, நீர் ஊற்றுமுன் சுற்றில் ஏறக்குறைய அரை பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து, முள் இறங்குகிறதா எனப் பார்ப்பது பாதுகாப்பானது. பின்னர் நீர் நிரப்பி, தாய்ப்பலகைக்கு மின்சாரம் கொடுக்காமல் எக்கியை மட்டும் ஒரு நாள் முழுதும் ஓட விட வேண்டும். ஏ.டி.எக்ஸ். மின்வழங்கியின் பெரிய செருகியில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்தால் மின்வழங்கி தனித்து இயங்கும். ஒவ்வொரு இணைப்பின் கீழும் வெள்ளை மெல்லிழைத்தாளைச் செருகி வைத்தால் ஒரு துளி கசிந்தாலும் தெரிந்துவிடும். பெட்டியை இருபுறமும் சாய்த்தால் ரேடியேட்டரில் தங்கிய காற்றுக்குமிழிகள் தொட்டிக்கு வந்து சேரும்.

ஏர்கூலரின் சிறு எக்கியைக் கணினியில் பயன்படுத்துவோரும் உள்ளனர். அது 230 வோல்ட்டில் இயங்குவது. கணினியுடன் தானாகத் தொடங்காது. நீரில் மூழ்கிய நிலையில் காப்பு பழுதானால் உயிருக்கே ஆபத்து. 12 வோல்ட் எக்கியே தக்கது. அதன் வேகம் காட்டும் கம்பியைத் தாய்ப்பலகையின் செயலி விசிறி முனையில் இணைத்தால், எக்கி நின்றவுடன் கணினி எச்சரிக்கும்.

வெப்பநாட்டில் நீர்க்குளிர்ப்பு

குளிர்நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் அறையை 20 முதல் 25 பாகை எனக் கொள்கின்றன. கத்திரி வெயில் காலத்தில் குளிர்சாதனமற்ற நெய்வேலி வீடொன்றின் அறை 38 பாகையை எட்டினால், 10 பாகைக் கணக்கின்படி நீர் 48 பாகையில் நிற்கும். பரவலாகப் பயன்படும் டி5 வகை எக்கியின் உச்ச வரம்பு 60 பாகை. நெகிழிக் குழாய்கள் பலவும் அதே அளவில் இளகத் தொடங்கும். எஞ்சியிருப்பது 12 பாகை மட்டுமே. ரேடியேட்டரில் தூசி படிந்தால் அதுவும் குறையும். எனவே இங்கு ரேடியேட்டரை ஓர் அளவு பெரிதாக எடுப்பது ஆடம்பரமன்று. காற்று நுழையும் வழியில் கழற்றிக் கழுவக்கூடிய வலைவடிகட்டியும் வேண்டும்.

தொட்டியில் பனிக்கட்டி இடும் யோசனை அடிக்கடி எழுகிறது. 30 பாகை வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிப்புள்ளி ஏறக்குறைய 25 பாகை. நீர் அதற்குக் கீழே குளிர்ந்தால், குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போலக் கட்டையும் குழாயும் வியர்க்கும். அந்நீர் சொட்டுவது தாய்ப்பலகையின் மீதுதான்.

குளிர்சாதன அறையிலும் கணக்கு மாறுவதில்லை. ஒரு டன் குளிர்சாதனம் அகற்றும் வெப்பம் ஏறக்குறைய 3,500 வாட். 700 வாட் கணினி அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும்.

பெரிய அமைப்புகளில் இதற்கு வேறு விடை காணப்பட்டுள்ளது. சில்லு 70 பாகையிலும் நலமாக இயங்குமெனில், அதற்குச் செல்லும் நீர் குளிர்ந்திருக்கத் தேவையில்லை. 2012 இல் செருமனியின் மியூனிக் நகருக்கு அருகே கார்ச்சிங்கில் நிறுவப்பட்ட சூப்பர்மியூக் மீக்கணினி ஏறக்குறைய 40 பாகை வெந்நீரால் குளிர்விக்கப்பட்டு, அவ்வெப்பம் கட்டடங்களைச் சூடேற்றவும் பயன்பட்டது. தமிழ்நாட்டில், திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று தொடங்கி வைக்கப்பட்ட பரம் பொருள் மீக்கணினி 838 டெராபிளாப்ஸ் திறனுடையது. தேசிய மீக்கணினித் திட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட அதில், சில்லுகளைத் தொட்டு நிற்கும் தகடுகளினூடே நீர்மம் பாய்ந்து வெப்பத்தை நேரடியாக ஏற்கிறது. வீட்டுப் பெட்டியிலுள்ள செப்புக் கட்டையும் அதே வேலையையே செய்கிறது. அங்கே ரேடியேட்டர் மட்டும் கட்டடத்திற்கு வெளியே இருக்கிறது.

பராமரிப்பு

மென்குழாய்களின் வழியாகவும் நீர் சிறிது சிறிதாக ஆவியாகி வெளியேறுவதால் தொட்டியின் மட்டத்தை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை நீரை முழுவதும் மாற்றுவது வழக்கம். இதற்கெனச் சுற்றின் மிகத் தாழ்ந்த இடத்தில் வடிகுழாய் ஒன்றைத் தொடக்கத்திலேயே அமைத்துக்கொண்டால், பெட்டியைத் தலைகீழாகத் தூக்க வேண்டிய நிலை வராது. வடிந்த நீர் பச்சையாக இருந்தால் செப்பு அரிக்கப்படுகிறது அல்லது பாசி வளர்ந்துள்ளது. கட்டையைக் கழற்றிக் கால்வாய்களைப் பார்த்த பின்னரே மீண்டும் நிரப்ப வேண்டும்.